கை வைக்கும் இடம்

நளீர் ஹெயார் டிரையரை நிறுத்திவிட்டுக் குனிந்து, கண்ணை லெப்டொப்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். ஒரு குமிழ்கூட இல்லை. கல்முனை பசாரில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடைகள் வரிசையாக இருந்தாலும், லெப்டொப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டக் கை நடுங்காதவன் இவன் ஒருவன்தான் என்று கேள்விப்பட்டு, றபீக்கா நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மடியில் ஒரு சீலைப் பை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அந்தப் பைக்குள் லெப்டொப்பும், அதைச் சுற்றி ஒரு துவாயும், அதற்கு மேலே ஒரு கட்டுக் கீரையும் இருந்தன. மச்சாள் வீட்டுக்குக் கீரை கொண்டுபோகிற பாவனை. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு சாமானை வெளியே கொண்டுபோகிற பெண்ணுக்கு இந்தப் புத்தியை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“இப்ப பாருங்க சாச்சி. கடையில இரிந்து இப்பதான் எடுத்த மாதிரி இரிக்கி” என்றான் நளீர்.

இருந்ததுதான். மூடியில் இருந்த கீறல்களைக் காணவில்லை. உள்ளே, எழுத்துகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கை வைக்கிற இடம் இருக்கிறதே, அதில் இடது பக்கம் கறுப்பு முழுக்கப் போய் வெள்ளித் தகடாக இளித்துக்கொண்டிருந்தது, அதையும் காணவில்லை. எல்லாம் ஒரே பளபளப்புக் கறுப்பு. தேய்ந்த எழுத்துகளுக்கும் தனித்தனியாகச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்.

“இதென்ன சாச்சி, எல்லும் ஈயும் சீயும் மட்டும் இப்பிடித் தேஞ்சி போயிரிக்கி? கேம் அடிக்கிற பொடியனா வீட்டில?”

“கேமுமில்ல, பொடியனுமில்ல. மகள். வீட்டுப் பிளான் கீறுற” என்றாள் றபீக்கா. சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. பக்கத்தில் போனுக்குக் கவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தும் சொன்னாள்.

நளீர் ஸ்டிக்கரின் மேலே இருந்த மெல்லிய பொலித்தீனின் மூலையை நகத்தால் கிளப்பினான். அதை உரித்தால்தான் வேலை முடியும். றபீக்கா அவன் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

“அதக் கழத்த வேணா மனே. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

“கழத்தினாத்தான் சாச்சி வடிவு.”

“வடிவு போதும். தூசி படும்.”

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். கடைக்கு வருகிற சாச்சிமாரை அவனுக்குத் தெரியும்.

ஆனால் றபீக்காவை முழுக்கத் தெரியாது. அந்த வீட்டுக்குள் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். டீவி ரிமோட் பொலித்தீன் உறைக்குள் இருக்கும், பொத்தானை அமத்தினால் சரசரக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கைபிடிக்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை. சோபாவுக்குக் கடையில் போட்டுக்கொடுத்த பொலித்தீனை அவள் இன்னும் கழற்றவில்லை. வெயில் நாளில் வந்த விருந்தாளி எழும்பும்போது சோபாவும் கூட எழும்பப் பார்க்கும். அவளுடைய கணவன் முனாப் ஒருநாள் பொறுக்க முடியாமல், “என்னயும் ஒரு பொலித்தீனால சுத்தி வெச்சிடுங்களன்” என்று கேட்டார். “ஒங்களச் சுத்தி இனி என்ன மிச்சம். எப்பயோ தேஞ்சி போயிட்டீங்க” என்று சோற்றை வைத்தாள் றபீக்கா. சாமான் என்றால் வாங்கின அன்று இருந்த மாதிரி இருக்க வேண்டும். தேய விட்டால் வீட்டில் ஒரு பெண் இருந்து என்ன பலன் என்பது அவளுடைய கொள்கை.

இந்தக் கொள்கைக்கு அகப்படாமல் தப்பி நின்றது மகள் பஸ்னாவின் லெப்டொப் ஒன்றுதான். கட்டாரில் இருந்த சாச்சா லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. அன்றைக்கே றபீக்கா பூப்போட்ட துணியும் கையுமாக வந்தாள். “உம்மா, இத மூடினா சூடாகும். இது வேல செய்யிற சாமான்” என்று பஸ்னா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு நாலு வருசம் அந்தச் சாமான் வேலை செய்தது. வேலை செய்தது என்றால் சும்மா இல்லை.

நம் பக்கத்துக் கதை தெரிந்ததுதானே. பெண் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போதே வாப்பாவின் கண் கல்லிலும் மண்ணிலும் போய்விடும். முனாப்பும் அப்படித்தான். வயல் வட்டைக்குப் போய் விதைத்து அறுத்து, ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு வரிக் கல் என்று சுவரை உயர்த்திக்கொண்டு வந்தார். உரம் கிடைக்காத அந்த வருசம் வயல் காலை வாரியது. சுவர் கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லின்டல் மட்டத்தில் நின்றது, நின்றதுதான். மழை பெய்து சுவரில் பாசி பிடித்தது. முனாப் அந்தப் பக்கம் பார்க்காமலே பள்ளிவாசலுக்குப் போய் வரப் பழகினார்.

பஸ்னா அப்போது கட்டிடப் படம் வரைகிற படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். முதலில் பக்கத்துத் தெரு மேசன் பாஸுக்கு ஒரு பிளான். அவர் சொல்லி இன்னொருவருக்கு. பிறகு கொழும்பில் ஒரு ஒபிஸுக்கு வீட்டிலிருந்தே. கதவடியில் நின்று பார்த்தால் பிள்ளையின் முதுகுதான் தெரியும். வலது கை மவுஸில், இடது கை எழுத்துகளின் மேல், அந்த இடது கையின் அடிப்பகுதி லெப்டொப்பில் ஊன்றிக்கொண்டிருக்கும். லின்டலுக்கு மேலே சுவர் எழும்பியது. கூரை வந்தது. ஜன்னல், கதவு, நிலத்துக்கு டைல். வீட்டின் பிளானையே பஸ்னா திருத்திக் கீறினாள். காற்று வரட்டும் என்று படுக்கை அறையின் ஜன்னலைக் கடல் பக்கம் திருப்பினாள். அதன் கீழே தனக்கு வேலை செய்ய ஒரு மேசையையும் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பள்ளிவாசலடியில் நாலு பேர் “வீட்ட ஒரு மாதிரி முடிச்சிட்டீங்க முனாப் காக்கா” என்றால், முனாப் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறு சரியாகத் தின்ன மாட்டார். மகளின் உழைப்பில் மகளுக்கு வீடு கட்டின வாப்பா என்று ஒரு பேர் வந்துவிட்டால் மனுசன் தலை நிமிர மாட்டார் என்று றபீக்காவுக்குத் தெரியும். அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. கலியாணம் பேசி வந்த மருதமுனைக்காரர்களிடம் “படிச்ச புள்ள, பிளான் எல்லாம் கீறுவா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவர்கள் அதை ஏதோ தையல் பழகின மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அறை பார்க்க வருகிறார்கள். அறை என்றால் மணவறை. கட்டில், மெத்தை, அல்மாரி, கண்ணாடி மேசை எல்லாம் புதிதாக வாங்கி, ரிப்பனும் வலையும் கட்டி, வருகிறவர்கள் பார்த்து நாலு வார்த்தை சொல்லிப் போகிற மாதிரி வைக்க வேண்டும். முனாப்பின் தங்கச்சி வந்து சோடனையைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே இருந்த லெப்டொப்பை ஒற்றை விரலால் காட்டினாள். “இந்தப் பழசயா மச்சி இவ்வளவு புதுச் சாமானுக்க வெக்கப் போறீங்க? எடுத்து உள்ள போடுங்க.”

எடுத்து உள்ளே போட றபீக்காவுக்கு மனம் வரவில்லை. பிளான் கீறுகிற பிள்ளை என்று அவர்கள் கண்ணால் காண வேண்டும். கண்டு, திரும்பிப் போகிற வேனுக்குள் அதைத்தான் கதைக்க வேண்டும். ஆனால் வெள்ளித் தகடு இளித்துக்கொண்டு நிற்கிற சாமானைக் காட்டிப் பெருமைப்படுவது எப்படி? அதனால்தான் கீரைக் கட்டு, அதனால்தான் கல்முனை.

*

பஸ்னா சம்மாந்துறையில் ஒரு வளவு அளந்துவிட்டு, வெயிலில் கறுத்துப்போய்ப் பின்னேரம் வந்தாள். முகம் கழுவி, தேத்தண்ணியோடு மேசைக்குப் போனவள் கோப்பையை வைத்துவிட்டு லெப்டொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். றபீக்கா குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்று காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

“உம்மா.”

“என்னகா?”

“இது ஆர்ட லெப்டொப்?”

“ஒன்டதான்.”

பஸ்னா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் இடது கையை வைத்துப் பார்த்தபோது முகம் சுருங்கியது. பொலித்தீனின் மேல் கை நிற்காமல் வழுக்கியது. இன்னும் அமத்தி வைத்தால் வியர்வையில் ஒட்டியது. நாலு வருசம் கை பழகிப்போன இடம் அது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் சரியாகப் போய் உட்காரும். இப்போது வேறு யாருடைய வீட்டிலோ வாசல்படி தேடுகிற மாதிரி கை தடுமாறியது.

“கை வழுக்குது உம்மா. கொழும்புக்கு அனுப்புற வேல ஒண்டு அரைவாசியில கிடக்கு.”

“அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும் மகள். மறுகா நீ உரிச்சிப் போட்டாலும் நான் ஒண்டும் கதைக்க மாட்டன்.”

“நீங்க கதைக்க மாட்டீங்க” என்றாள் பஸ்னா, நம்பாமல். ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பொலித்தீனின் மேல் ஒரு கைலேஞ்சியை மடித்துப் போட்டு, அதில் கையை ஊன்றி, வேலையைத் தொடங்கினாள்.

அவர்கள் வருகிற நாள் காலையில் றபீக்கா அந்தக் கைலேஞ்சியை எடுத்துக் கழுவப் போட்டாள். மேசையில் ஒரு லேஸ் விரித்து, லெப்டொப்பை நடுவில் திறந்து வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். எல்லாச் சாமானிலும் ரிப்பன் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை என்பது கண்ணை உறுத்தியது. மிச்சம் கிடந்த ரோஸ் ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, பூ முடிந்து, மூடியின் மூலையில் ஒட்டினாள். அப்போதுதான் மனம் ஆறியது. பாவம் மனுசி, தன் கையாலேயே.

*

வேன் வந்து நின்றபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. மாப்பிள்ளை றிஷாட்டின் உம்மா சல்ஹா உம்மா முதலில் இறங்கினாள். பாரமான உடம்பு, அதைவிடப் பாரமான குரல். மருதமுனையில் சாரமும் சாரியும் விற்று, கணவன் இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கியவள். கெட்ட மனுசி இல்லை. ஆனால் அவள் ஒன்றைச் சொன்னால் அது சொல்லி முடிந்ததுதான், அவளுடைய ஆட்கள் அதற்கு மேல் வேறு கதை கதைக்க மாட்டார்கள். பின்னால் அவளுடைய மூத்த ராத்தா, இரண்டு மச்சிமார், போனும் கையுமாகத் தங்கச்சி மகள் அம்ஹா. மாப்பிள்ளையின் மாமாவும் கூட வந்திருந்தார், அவர் முனாப்போடு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் திரையை விலக்கிக்கொண்டு அறைக்குள் போனார்கள்.

சல்ஹா உம்மா கடையில் துணி பார்க்கிற பழக்கத்தில் எல்லாவற்றையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். கட்டில் விரிப்பை, ஜன்னல் சீலையை, அல்மாரியில் தொங்கிய வலையை. “மாஷா அல்லாஹ், சோக்கா இரிக்கி” என்றாள். டைல் நல்ல நிறம் என்றார்கள். காற்று நல்லா வருகுது என்றார்கள். ஜன்னலைத் திருப்பியது யார் என்று றபீக்காவின் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

அப்போது சல்ஹா உம்மாவின் கண் மேசைக்குப் போனது. கிட்டப் போனாள். ரிப்பனைத் தொட்டாள். பொலித்தீனை விரலால் தடவினாள்.

“அல்லாஹ், லெப்டொப்பும் வாங்கி வெச்சிரிக்கீங்களா மச்சி? நாங்க இதெல்லாம் கேக்கவே இல்லயே.” குரல் உண்மையிலேயே நெகிழ்ந்துபோனது. “றிஷாட் கன நாளா ஒண்டு எடுக்கணும் எடுக்கணும் எண்டு சொல்லிக்கிட்டு இரிந்தான். அவன்ட பழசு பத்துறதே இல்ல. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மாப்பிள்ளைக்கு லெப்டொப்பும் என்று ஒரு மச்சி மற்ற மச்சிக்குச் சொன்னாள். ராத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவளுக்கு இன்னொரு தரம் உரத்துச் சொன்னார்கள். ஒரு வாய் மூடுவதற்குள் அறை முழுக்க அது மாப்பிள்ளையின் லெப்டொப் ஆகிவிட்டது. சல்ஹா உம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து அம்ஹாவிடம் கொடுத்து, வட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லி, வாயருகே பிடித்தாள். “மனே, ஒனக்கு மாமி லெப்டொப் எடுத்து வெச்சிரிக்கா. புத்தம் புதிசு. இனி நீ ஒண்டு தேடித் திரிய வேணா.” டிங் என்று அது போயும் விட்டது.

றபீக்காவுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. இந்த அறையில் ரிப்பன் கட்டி வைத்த சாமான் எல்லாம் யாருக்கு? வருகிற மாப்பிள்ளைக்கு. புதிதாக வைத்தது எல்லாம் கொடுத்தது என்றுதான் அர்த்தம். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் வாசிப்பாள், அவள் போய்ப் பார்த்த அறைகளில் அவளும் அப்படித்தான் வாசித்திருக்கிறாள். மகளின் சோற்றுச் சட்டியைத் தன் கையால் பூச்சூடித் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

குளிர்பானத் தட்டோடு உள்ளே வந்த பஸ்னா வாசலில் நின்றிருந்தாள். கடைசி வார்த்தைகள் அவளுக்கும் கேட்டிருந்தன. கலியாணப் பெண் அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது, அவள் திறக்கவும் இல்லை. தட்டைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் றபீக்கா தாங்கியிருப்பாள். இது, இனி என்ன செய்யிற உம்மா என்று கேட்கிற பார்வை.

என்ன செய்யிற? றிஷாட் தங்கமான பொடியன்தான். ரெண்டு பேரும் பாவிப்பம் என்று சொல்வான். ஆனால் அதற்குப் பிறகு அது அவனுடையது. அவள் வேலை செய்யக் கேட்டு வாங்க வேண்டும். கொழும்புக்காரர்கள் அவசரம் என்று போன் எடுக்கும்போது, இவர் வந்ததும் கேட்டுப் பாக்கன் என்று பிள்ளை சொல்ல வேண்டும். நாலு வருசம் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்த பிள்ளை. வேறொன்று வாங்கி மாற்றி வைக்கலாம் என்றால் அதற்குக் கையில் ஒன்றும் இல்லை, வீடு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. இப்போது சொன்னால் சம்பந்தி தன் ஆட்களுக்கு முன்னால் முகம் கெட்டுப் போவாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

“அது புதிசில்ல மச்சி” என்றாள் றபீக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சல்ஹா உம்மா குலுங்கிச் சிரித்தாள். “மேல் பொலித்தீன் இன்னும் கழத்தல்ல, புதிசில்லயாம். கண்ணூறு படும் எண்டு பயப்பிடுறீங்க. நாங்க கண்ணூறு போட மாட்டம் மச்சி, பயப்பிடாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். றபீக்காவே எத்தனை தரம் புதுச் சாரியை ‘இது பழசுகா’ என்று சொல்லி மறைத்திருக்கிறாள். அதே வாயால் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இனி வார்த்தையால் ஆகாது.

அவள் மேசையடிக்குப் போனாள். ரிப்பனைப் பிய்த்து எடுத்தாள். பிறகு கை வைக்கிற இடத்தின் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். நளீர் கை நடுங்காமல் ஒட்டியது, லேசில் கிளம்பவில்லை. நகம் வழுக்கியது. இன்னொரு மூலையில் பார்த்தாள். பின்னால் சிரிப்பு நின்றுபோனது அவளுக்குத் தெரிந்தது. அம்ஹா “என்ன மாமி செய்யிறீங்க?” என்றாள். றபீக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினாள். ஒரு நுனி கிளம்பியது. அதைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரே இழுவையில் ஸ்டிக்கரும் பொலித்தீனும் சேர்ந்து உரிந்து வந்தன. இடது பக்கத்து வெள்ளித் தகடு, ஜன்னல் வெளிச்சத்தில், உள்ளங்கை அளவுக்கு வெளியே வந்தது.

“இதப் பாருங்க மச்சி” என்றாள் றபீக்கா. இந்தத் தரம் குரல் இருந்தது. “புதிசு இப்பிடியா இரிக்கும்? நாலு வருசமா என்ட மகள் கை வெச்சி வெச்சித் தேஞ்ச இடம் இது. இதுலதான் அவள் பிளான் கீறுற. நம்மட கூரை இதால வந்தது. நீங்க சோக்கு எண்டு சொன்ன டைல் இதால வந்தது. இந்த ஜன்னல அவள்தான் கடல் பக்கம் திருப்பின. தேஞ்சது தெரியப்படா எண்டு நான்தான் வெக்கப்பட்டு ஒட்டிக்கிட்டு வந்தன், அவள் இல்ல. பிழை என்ட. மாப்பிள்ளைக்கு வேற என்ன கேட்டாலும் ஏலுமானதச் செய்வம். இத மட்டும் தரேலா மச்சி. இது மகள்ட கை.”

சொல்லி முடித்த பிறகுதான் முனாப்பின் நினைவு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் மாமாவோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு திரைத் துணிதான் நடுவில். இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்த கதையைச் சம்பந்திமாருக்கு முன்னால் போட்டு உடைத்தாயிற்று. மண்டபத்தில் கதிரை ஒன்று இழுபட்டது. கால் சத்தம் திரையடியில் வந்து நின்றது. முனாப் தொண்டையைச் செருமினார்.

“ஓம் மச்சி” என்றார், திரைக்கு வெளியே நின்றபடி. எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார். “லின்டல் மட்டுத்தான் என்ட. அதுக்கு மேல எல்லாம் மகள்ட.”

பஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். அழுதாளா என்று றபீக்கா பார்க்கவில்லை. தன் கண்ணைத் துடைக்கத்தான் அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. வெட்கத்தில் வந்த கண்ணீர் இல்லை அது. இந்த மனுசனைக் கட்டினதற்காக அன்றைக்கு அவள் பட்ட பெருமையை எந்தச் சாமானுக்காகவும் பட்டதில்லை.

மச்சிமார் சல்ஹா உம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்; என்ன சொல்ல வேண்டும் என்று அவள் வாயிலிருந்து வர வேண்டும். அவள் மேசைக்குக் கிட்ட வந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அந்த வெள்ளித் தகட்டின் மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் மிச்சமிருந்த கறுப்பைத் தடவினாள். அது எங்கே முடிகிறது, எங்கே தேய்வு தொடங்குகிறது என்று விரலால் தேடினாள்.

“அம்ஹா” என்றாள், திரும்பாமல். “அந்த வொய்ஸ அவன் கேட்டுட்டானா?”

அம்ஹா போனைப் பார்த்தாள். “இல்ல பெரியம்மா. இன்னும் நீல டிக் வரல்ல.”

“அப்ப அழிச்சிடு.”

“நம்மட பக்கம் மட்டுமா, அவருட பக்கமுமா?”

“எல்லாப் பக்கமும்.”

அம்ஹா அழித்தாள். அதன் பிறகு சல்ஹா உம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டு, போய், யாருக்கும் தொட அனுமதி இல்லாத அந்தப் புதுக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். விரிப்பு நாலா பக்கமும் சுருங்கியது. “புதுக் கட்டில்ல முதல் பொண்ணு மாப்பிள்ளதான் இரிக்கணும்” என்று மூத்த ராத்தா பதறினாள். “கால் உளையிது ராத்தா” என்றாள் சல்ஹா உம்மா, அவ்வளவுதான். பஸ்னாவைப் பார்த்துப் பக்கத்தில் கையால் தட்டினாள்.

“இந்த வீட்ட இதுலயா கீறினீங்க மகள்? கொண்டு வாங்க, பாப்பம்.”

பஸ்னா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, மடியில் வைத்துப் பிளானைத் திறந்தாள். இடது கை போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வந்தன. பெட்டி பெட்டியாக, சின்னச் சின்ன இலக்கங்களோடு. மச்சிமார் இரண்டு பேரும் தலையை நுழைத்தார்கள். ராத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். றபீக்கா உரித்த ஸ்டிக்கர் விரலில் ஒட்டிக்கொண்டு போகாமல் அதை உதறியபடி பின்னால் நின்றாள். இந்தப் படத்தை அவளும் இதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை.

“நாங்க இப்ப எங்க இரிக்கம்?” என்று சல்ஹா உம்மா கேட்டாள்.

பஸ்னா ஒரு பெட்டிக்குள் விரலை வைத்தாள். “இஞ்ச மாமி.”

சல்ஹா உம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாசல் திரைச் சீலையின் அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்தாள்.

“அப்ப வாப்பா?”

பஸ்னாவின் விரல் மெல்ல நகர்ந்து, ஒரு கோட்டைத் தாண்டி, கதவுக்கு வெளியே வந்து நின்றது.